எஞ்சின் சூடு

மாமா பஸ் டிரைவர். மதுரை–தேனி ரூட்டில் இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். பழைய வண்டிகளில் எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டி மாதிரி மூடி உட்கார்ந்திருக்கும். சித்திரை வெயிலில் அதன்மேல் கை வைக்க முடியாது. இந்த வேலைக்கு வந்தவனுக்கு முதுகுவலியும் மூலமும் வந்தே தீரும் என்பது டிரைவர்கள் மத்தியில் ஒரு பழைய பேச்சு. அதனால் 2020 பொங்கல் சமயத்தில், ஐம்பத்தோரு வயதில், மலத்தோடு ரத்தம் வந்தபோது மாமா பயப்படவே இல்லை. “வர வேண்டியது வந்துருச்சு” என்றாராம் அத்தையிடம்.

ஒன்றரை வருஷம் அது எஞ்சின் சூடாகவே இருந்தது.

சூட்டுக்கு நம்மிடம் மருந்து இல்லாமலா? துத்தி இலையைச் சின்ன வெங்காயத்தோடு விளக்கெண்ணெயில் வதக்கிக் கொடுத்தார் அத்தை. வாரம் இரண்டு முறை கருணைக்கிழங்கு. கோழிக்கறிக்குத் தடை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், காலையில் வெந்தயம், மத்தியானம் மோர். நடுவில் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு போஸ்டரைப் பார்த்து, ஆபரேஷன் இல்லாமல் மூலம், பவுத்திரம் குணமாக்கும் ஓர் இடத்துக்கும் போய் வந்தார். ஒரு பொடியும் ஒரு களிம்பும் கொடுத்தார்கள். ரத்தம் நாலு நாள் நின்றது, பிறகு வந்தது. நின்றால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். வந்தால் பத்தியம் தவறிவிட்டது என்று அர்த்தம். எப்படிப் பார்த்தாலும் மூலத்தைத் தவிர வேறு முடிவுக்கு வர முடியாத கணக்கு இது.

இப்போது நினைத்தால் ஒரு விஷயம் முகத்தில் அறைகிறது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து பஸ்கள் நின்றன. மாமாவின் வண்டி டிப்போவில் கிடந்தது, எஞ்சின் குளிர்ந்து கிடந்தது, மாமா திண்ணையில் வேப்பங்காற்றில் உட்கார்ந்திருந்தார். ரத்தம் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் பட்டதாரிகள் ஐந்து பேர். ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

அந்த ஆகஸ்ட் கடைசியில் ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மன் பெருங்குடல் புற்றுநோயால் 43 வயதில் இறந்தார். 2016லேயே மூன்றாம் நிலையில் நோய் தெரிந்து, வெளியே சொல்லாமல், சிகிச்சைக்கு நடுவில் நடித்துக்கொண்டிருந்திருக்கிறார். செய்தியைப் படித்து வருத்தப்பட்டு, வாட்ஸப்பில் நாலு பேருக்கு அனுப்பினேன். அதே நாட்களில்தான் அத்தை போனில் துத்தி இலை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இரண்டையும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை. அது அமெரிக்காவில் ஒரு நடிகனுக்கு வந்த புற்றுநோய். இது உசிலம்பட்டிப் பக்கம் ஒரு டிரைவருக்கு வந்த மூலம்.

2021 ஆடியில் மாமா எடை குறைந்து பேன்ட்டுக்குப் புதிதாக ஒரு பெல்ட் வாங்கினார். அதற்குப் பிறகுதான் மதுரையில் ஒரு கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனோம். இளவயதுப் பெண் மருத்துவர். அவருக்கும் மாமாவுக்கும் நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“இதுக்கு முன்னாடி எத்தனை டாக்டரைப் பார்த்தீங்க?”

“மூணு பேரும்மா.”

“யாராவது உள்ளே விரல் விட்டுப் பார்த்தாங்களா?”

“இல்லம்மா. மூலம்னு மாத்திரை கொடுத்தாங்க.”

“மூலம்னு யார் சொன்னது?”

மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நாந்தான்” என்றார்.

ஒவ்வொரு மருத்துவரிடமும் போய் “எனக்கு மூலம் இருக்கு சார்” என்றுதான் பேச்சையே ஆரம்பித்திருக்கிறார். அவர்களும் கூட்டத்துக்கு நடுவில் அதையே சீட்டில் எழுதிக் களிம்பு கொடுத்திருக்கிறார்கள். வேட்டியை அவிழ்க்கச் சொல்ல அவர்களுக்குச் சங்கடம், அவிழ்க்க இவருக்குச் சங்கடம். இரண்டு பக்கமும் மரியாதை காத்ததில் ஒன்றரை வருஷம் போய்விட்டது.

அன்றைக்கும் மாமா ஒப்புக்கொள்ளவில்லை. பொம்பளப் பிள்ளை முன்னால் முடியாது என்று எழுந்துவிட்டார். அந்த மருத்துவர் கோபப்படாமல் பக்கத்து அறையிலிருந்து ஓர் ஆண் மருத்துவரை அழைத்து வந்தார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு நிமிஷம். கையுறை போட்ட விரல் ஏழு, எட்டு சென்டிமீட்டர் வரை எட்டும். ஆறாவது சென்டிமீட்டரில் கட்டி கையில் தட்டுப்பட்டது. விரலுக்கு எட்டும் தூரத்தில்தான் அது அவ்வளவு காலமும் இருந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமாவுக்கு மூலமும் இருந்தது. நிஜமாகவே இருந்தது, அதை அந்த மருத்துவர் காட்டினார். மூலம் இருப்பவருக்குப் புற்று வராது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மூலத்தில் பொதுவாக மலம் போன பிறகு பளிச்சென்ற ரத்தம் சொட்டும், அல்லது மலத்தின் மேல் கோடாக ஒட்டியிருக்கும். புற்றில் மலத்தோடு கலந்து, கறுத்து, சளியோடு வரலாம். பொதுவாக, வரலாம் என்றுதான் சொல்ல முடியும். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் வரும் புற்றிலும் பளிச்சென்ற ரத்தம்தான் வரும். நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வேலையை நாம் செய்யக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். (பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் அலறியடித்து ஓடுவதும் வேண்டாம். அந்தச் சிவப்பு ஒரு நாளில் போய்விடும்.)

ரத்தத்தைத் தவிர மாமா வேறு எதையும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டபோது வெளியே வந்தது. ஒரு நாளைக்கு ஒரு தடவை போனவர் ஐந்தாறு தடவை போக ஆரம்பித்திருக்கிறார். போய்விட்டு வந்தாலும் இன்னும் உள்ளே மிச்சம் இருக்கிற மாதிரி ஓர் உறுத்தல். மறுபடி ஓடினால் கொஞ்சம் சளியும் ரத்தமும்தான். உசிலம்பட்டி ஸ்டாண்டில் ஐந்து நிமிஷம் வண்டி நிற்கும்போது கட்டணக் கழிப்பறைக்கு ஓடுவாராம். கண்டக்டர் விசில் அடித்துக்கொண்டே நிற்பாராம். மலம் பென்சில் மாதிரி மெலிந்துவிட்டது. ரத்தத்தைவிட இந்த ‘மிச்சம் இருக்கிற உணர்வு’தான் மலக்குடல் கட்டியை அதிகம் காட்டிக்கொடுக்கும் என்று எனக்குப் படுகிறது. உள்ளே இருக்கும் கட்டியையே உடம்பு மலம் என்று நினைத்துத் தள்ளப் பார்க்கிறது. வெளியே தள்ளவா முடியும்?

இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “அக்கா மக கிட்ட இதையெல்லாம் பேசுவாங்களா தாயி?” என்றார். யாரிடம்தான் பேசுவது? நம்மிடம் இதற்கு நேரான சொல்லே புழக்கத்தில் இல்லை. வெளிக்குப் போவது, கொல்லைக்குப் போவது, ரெண்டு, காலைக்கடன், பாத்ரூம் என எல்லாம் போகிற இடத்தையும் நேரத்தையும் எண்ணையும் சொல்லும், பொருளைச் சொல்லாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் விதிவிலக்கு. மஞ்சளாய்ப் போனானா, பச்சையாய்ப் போனானா, திரிதிரியாய்ப் போனானா என்று மூன்று தலைமுறைப் பெண்கள் உட்கார்ந்து ஆராய்வார்கள். அந்தக் குழந்தைக்கு ஐந்து வயதானதும் அந்தப் பேச்சு நின்றுபோகும், பிறகு ஆயுசுக்கும் கிடையாது.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே கூச்சம்தான். கேட்டி கூரிக் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளரின் கணவர் 1998இல் 42 வயதில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். 2000 மார்ச்சில் அந்தப் பெண்மணி தனக்குக் கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்வதைத் தன் காலை நிகழ்ச்சியிலேயே ஒளிபரப்பினார். அதன் பிறகு அந்தப் பரிசோதனைக்கு வருபவர்களின் எண்ணிக்கை கூடியதை ஆய்வாளர்கள் கணக்கெடுத்து எழுதினார்கள். நம் ஊர்க் காலை நிகழ்ச்சியில் ராசிபலனுக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவில் இப்படி ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கிறேன்.

சரி, நோய்க்கு வருவோம். பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். வலது அடிவயிற்றில் ஆரம்பித்து மேலே ஏறி, குறுக்கே போய், இடது பக்கம் இறங்கி, மலக்குடலாக ஆசனவாயில் முடிகிறது. பெரும்பாலான புற்றுகள் இதன் உள்சுவரில் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சியாகத்தான் தொடங்குகின்றன. மரு மாதிரி, காளான் மாதிரி இருக்கும். எல்லாப் பாலிப்பும் புற்றாக மாறுவதில்லை. மாறுகிறதும் ஒரே ராத்திரியில் மாறுவதில்லை, பத்து வருஷம் போல ஆகும். புற்றுநோய்களில் இவ்வளவு அவகாசம் கொடுக்கிறது ரொம்பக் குறைவு. பாலிப்பாக இருக்கும்போதே கண்டு எடுத்துவிட்டால் அந்த இடத்தில் புற்று வராமலே போகிறது.

உலக அளவில் 2022இல் சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் வந்ததாக மதிப்பீடு. 9 லட்சம் பேர் இறந்தார்கள். புற்றுநோய்ச் சாவுகளில் நுரையீரலுக்கு அடுத்த இடம். மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் விகிதம் குறைவுதான். ஆனால் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனைக்கு வந்த 800 நோயாளிகளை வைத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில் சராசரி வயது 47. பாதிப் பேருக்கு மேல் ரத்தப்போக்கோடு வந்தவர்கள். பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்கு அது, நாடு முழுமைக்கும் பொருத்திவிட முடியாது. நம் நாட்டு மக்கள்தொகையிலேயே இளவயதுக்காரர்கள்தான் அதிகம் என்பதும் உண்மை. இருந்தாலும் இது அறுபதுக்கு மேல் வரும் நோய் என்று யாராவது சொன்னால் அந்த 47 எனக்கு ஞாபகம் வருகிறது. அமெரிக்காவிலும் இளையவர்களிடம் கூடுகிறது. 1950ஐ ஒட்டிப் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால், 1990ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு, மலக்குடல் புற்றுக்கு நான்கு மடங்கு என்று ஒரு கணக்கு வந்தது. 2021இல் அந்த நாட்டில் பரிசோதனை தொடங்கும் வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தார்கள்.

மாமாவுக்கு மூன்றாம் நிலை. பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருந்தது; கல்லீரலும் நுரையீரலும் தப்பியிருந்தன. ஐந்து வாரம் கதிர்வீச்சு, கூடவே கீமோ மாத்திரை, சில வாரம் இடைவெளி, டிசம்பரில் அறுவைச் சிகிச்சை. தைத்த இடம் ஆறும்வரை சிறுகுடலை வயிற்றின் வலது பக்கம் வெளியே எடுத்துப் பை மாட்டினார்கள். அந்தப் பையோடு ஏழு மாதம். புற்றுநோய் என்று கேட்டபோது அழாத மனுஷன், பையைப் பார்த்துதான் அழுதார். காற்று பிரியும் சத்தத்தை அடக்க முடியாது. தோல் வெந்து போகும். சட்டையை இன் பண்ண முடியாது. அத்தைதான் யாரிடமும் சொல்லாமல் ஒரு நர்ஸிடம் போய்ப் பையை மாற்றக் கற்றுக்கொண்டு வந்து, ஒரு வாரத்தில் அதைப் பாத்திரம் கழுவுவது மாதிரி ஒரு வேலையாக ஆக்கிவிட்டார்.

இந்தக் கதையின் இன்னொரு பாதி என் அம்மா.

அம்மா மாமாவின் அக்கா. அவருக்கு ரத்தம் வரவில்லை, வயிற்று வலி இல்லை, பாத்ரூம் விஷயத்தில் கடிகாரம். இரண்டு வருஷமாகச் சோர்வு மட்டும். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். ஹீமோகுளோபின் 8.2. எல்லா அம்மாக்களுக்கும் எழுதுகிற மாதிரி இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். கொஞ்சம் ஏறும், நிறுத்தினால் இறங்கும். “பொம்பளைன்னா ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்” என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இந்த நாட்டில் ரத்தசோகை இல்லாத பெண்ணைத் தேடத்தான் வேண்டும் என்பதால் யாரும் மேலே கேட்கவில்லை.

மாமாவின் மருத்துவர்தான் கேட்டார். உடன்பிறந்தவர்களைப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லும்போது அம்மாவின் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டியவர், “மாதவிடாய் நின்னு எத்தனை வருஷம் ஆச்சும்மா?” என்றார். “பத்து, பன்னெண்டு இருக்கும்.” “அப்ப இந்த ரத்தம் எந்த வழியா போகுது?”

இவ்வளவு எளிமையான கேள்வி. வரவு இருந்தும் கையிருப்பு இறங்கினால் எங்கேயோ செலவாகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ, எந்த வயது ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்து ரத்தசோகை வந்தால், காரணம் தெரியும்வரை வயிற்றையும் குடலையும் பார்க்க வேண்டும். வலது பக்கப் பெருங்குடல் அகலமானது. அங்கே மலம் இன்னும் கூழாகத்தான் இருக்கும். கட்டி வளர்ந்தாலும் அடைக்காது. கசியும் ரத்தம் கூழோடு கலந்து, வெளியே வரும்போது கண்ணுக்கே தெரியாது. இடது பக்கம் குழாய் குறுகல், மலம் கெட்டி. அங்கே வந்தால் மலச்சிக்கல், பேதி என்று மாறி மாறி வரும், வயிறு உப்பிப் பிடித்து வலிக்கும், ரத்தம் கண்ணுக்குத் தெரியும். அக்காவுக்கு வலது, தம்பிக்கு அடிமுனை. அறிகுறிகளில் ஒன்றுகூட இருவருக்கும் பொதுவில்லை.

அம்மாவுக்குக் கொலனோஸ்கோப்பியில் வலது பக்கம் மூன்று சென்டிமீட்டரில் ஒரு பாலிப். இன்னும் புற்றாகவில்லை, ஆனால் அந்தத் திசையில் கிளம்பிவிட்டிருந்தது. வயிற்றைக் கிழிக்காமல் குழாய் வழியாகவே அறுத்து எடுத்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் ஹீமோகுளோபின் 12. மாடிப்படியில் இப்போது அவர் எனக்கு முன்னால் போகிறார்.

அந்த மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு. “உங்க அம்மா எதுல இறந்தாங்க?” என்று கேட்டதற்கு என் அம்மாவும் மாமாவும் ஒரே குரலில், “வயித்துல கட்டி” என்றார்கள். என்ன கட்டி? தெரியாது. எந்த இடத்தில்? தெரியாது. வயது நாற்பத்தெட்டு. தாத்தா கடைசிவரை அதைப் பற்றிப் பேசவில்லை. பாட்டியின் வட்டத்துக்குள் மருத்துவர் ஒரு கேள்விக்குறி போட்டார்.

இந்த மாதிரித் தாள் புற்றுநோயில் எதற்கு உதவியது என்று பிறகு தேடிப் படித்தேன். 1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பாலின் கிராஸ் என்ற தையல்காரப் பெண், அல்ட்ரெட் வார்தின் என்ற நோய்க்குறியியல் பேராசிரியரிடம், தன் குடும்பத்தில் எல்லோரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ கட்டி வந்து இளவயதில் சாகிறார்கள், நானும் அப்படித்தான் சாவேன் என்று சொல்லியிருக்கிறார். வார்தின் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. அந்தப் பெண்ணே உறவுக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுத் தகவல் சேர்க்க உதவினார். 1913இல் வார்தின் அந்தக் குடும்ப வரலாற்றை வெளியிட்டார். சொன்னபடியே பாலின் 46 வயதில் கர்ப்பப்பைப் புற்றால் இறந்தார். பல பத்தாண்டுகள் கழித்து ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் அந்த ஆய்வைத் தொடர, குடும்பத்தில் பரம்பரையாக இப்படிப் புற்று வரும் தன்மைக்கு இன்றைக்கு லிஞ்ச் நோய்க்குறி என்று பெயர். என்னைக் கேட்டால் அந்தத் தையல்காரர் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும்.

மாமாவின் திசுவில் லிஞ்ச் இருக்கிறதா என்று சோதித்தார்கள். அதற்கான அடையாளம் இல்லை என்று வந்தது. ஆனாலும் அம்மாவின் பாலிப் காரணமாக எனக்கும் தம்பிக்கும் நாற்பது வயதிலேயே பரிசோதனை என்றார்கள். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று.

கொலனோஸ்கோப்பியைப் பற்றி எல்லோரும் பயப்படுவது அந்தக் குழாயை நினைத்து. குழாய் எனக்குத் தெரியவே இல்லை, மயக்கத்தில் இருந்தேன். கஷ்டமெல்லாம் முந்தின நாள்தான். மூன்று நாளைக்குக் கீரை, கொய்யா, தக்காளி விதை எதுவும் கூடாது. இட்லி, தயிர் சோறு. இரும்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், அது குடலில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். முந்தின நாள் இளநீர், பால் விடாத டீ, வடிகட்டிய சூப் மட்டும். சாயங்காலம் இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்த ஒரு பொடி, கால் மணிக்கு ஒரு டம்ளர். எலுமிச்சைச் சாறில் சோப்பும் உப்பும் கலந்த மாதிரி ஒரு ருசி. நாலாவது டம்ளரில் அழுகை வந்தது. அப்புறம் ராத்திரி பூராவும் கழிப்பறைதான் வீடு. காலையில் நர்ஸ் வரவேற்பறையில் பத்துப் பேர் முன்னால், “கடைசியா எப்படிம்மா போச்சு, தண்ணி மாதிரியா?” என்று கேட்டார். எல்லோரும் கேட்க, “மஞ்சத் தண்ணி” என்று பதில் சொன்னேன். என் வாழ்நாளில் அதைப் பற்றிப் பொது இடத்தில் நான் பேசிய முதல் வாக்கியம் அது.

ஆறு மில்லிமீட்டரில் ஒரு பாலிப் இருந்தது. எடுத்துவிட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

எல்லோருக்கும் முதலிலேயே இந்தக் குழாய் வேண்டியதில்லை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிட் என்ற சோதனை இருக்கிறது. பிரிட்டனில் குறிப்பிட்ட வயதுக்காரர்களின் வீட்டுக்கே அந்தச் சின்னக் குப்பியைத் தபாலில் அனுப்புகிறார்கள். ரத்தம் இருப்பதாக வந்தால்தான் கொலனோஸ்கோப்பி. நம் நாட்டில் அரசு நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனைகள் வாய், மார்பகம், கர்ப்பப்பைவாய் மூன்றுக்கும்தான். பெருங்குடல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே இப்போதைக்கு நம்மிடம் இருப்பது அவரவர் கண்ணும், அதை வெளியே சொல்லும் வாயும்தான். நோய் குடலைத் தாண்டாத நிலையில் பிடிபட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள், தூரத்து உறுப்புகளுக்குப் போன பிறகு என்றால் பதினைந்து பேர் அளவில்தான் என்பது அமெரிக்கக் கணக்கு.

மாமா மூன்று வருஷம் தாண்டிவிட்டார். பை இல்லை. வண்டி ஓட்டுவதில்லை, டிப்போவிலேயே வேலை. மலக்குடலின் பெரும்பகுதி போய்விட்டதால் இன்னமும் அடிக்கடி ஓட வேண்டியிருக்கிறது. எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்கிறார். ஆனால் கூச்சம் மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. போன மாதம் ஒரு பந்தியில், பாயசம் விட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்து இலைக்காரர் மூலத்துக்கு மோர் குடிப்பதாகச் சொல்லிவிட்டார். “விரல் விட்டுப் பார்த்தாங்களா?” என்று மாமா கேட்டது எதிர்வரிசை வரை கேட்டது. அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த வெள்ளைத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. தம்பிக்கு நாற்பத்தொன்று முடிந்துவிட்டது. முதலில் ஆபீஸில் லீவு இல்லை என்றான். பிறகு மலைக்கு மாலை போட்டிருக்கிறேன் என்றான். இப்போது தை பிறக்கட்டும் என்கிறான். நேற்று மாமாவிடம் அவனுடைய போன் நம்பரைக் கொடுத்து, தினமும் காலை ஆறு மணிக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.